பேரவையைக் கூட்டுவது ஆளுநரா, அமைச்சரவையா?

ஜனவரி 6, 2025, மாலை 5:40: ஒரு வாசகரின் கேள்வி

"இன்று காலை தமிழ்நாடு ஆளுநர் தன் உரையைப் படிக்காமலே சில நிமிடங்களில் சட்டப்பேரவையை விட்டுக் கிளம்பிவிட்டார். பேரவைத் தலைவர்தான் தமிழ் உரையைப் படித்தார். அரசியல் சட்டத்தின் 174-ஆவது பிரிவோ, ஆளுநர்தான் பேரவையைக் கூட்ட வேண்டும் என்கிறது. நாளைக்கு அவர் கூட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டால் பேரவையே கூடாதா?"

ஜனவரி 6, இரவு 9:15

கூடும். கையெழுத்து அவருடையது, முடிவு அமைச்சரவையுடையது. 163-ஆவது பிரிவையும் சேர்த்துப் படித்தால்தான் 174 புரியும். அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பதுதான் ஆளுநரின் வேலை.

நடைமுறை இதுதான். என்றைக்குக் கூடுவது என்று அமைச்சரவை முடிவு செய்யும். கோப்பு ராஜ்பவனுக்குப் போகும். ஆளுநர் ஒப்பமிட்டதும் அறிவிக்கை அரசிதழில் வரும். பிறகு பேரவைச் செயலர் ஒவ்வொரு உறுப்பினருக்கும் அழைப்பு அனுப்புவார். எத்தனை நாள் நடத்துவது என்பதைப் பேரவைத் தலைவர் தலைமையிலான அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்யும்.

தென் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரிடம் நான்கு ஆண்டு உதவியாளராக இருந்தவன் நான். அந்த அழைப்புக் கடிதம் வந்த அன்று அவர் வீட்டுத் திண்ணையில் மனுக்களோடு காத்திருந்தவர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறையாவது பேரவை கூடியாக வேண்டும் என்று சட்டம் இருப்பதால், அந்தக் கடிதம் எப்படியும் வரும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது.

ஜனவரி 6, இரவு 11:50

மேலே கடைசி வரியில் தவறு செய்திருக்கிறேன். படுக்கப் போனவன் எழுந்து வந்து திருத்துகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை என்பது 1950-இல் இருந்த வாசகம். 1951-இல் வந்த முதல் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது ஒரே நிபந்தனை: ஒரு கூட்டத்தொடரின் கடைசிக் கூட்டத்துக்கும் அடுத்த தொடரின் முதல் கூட்டத்துக்கும் இடையே ஆறு மாதம் ஆகிவிடக் கூடாது. எத்தனை நாள் கூட வேண்டும் என்று அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

ஆளுநர் உரையும் அப்படித்தான். முதலில் ஒவ்வொரு தொடரின் தொடக்கத்திலும் உரை இருந்தது. அதே 1951 திருத்தம்தான் அதைப் பொதுத் தேர்தலுக்குப் பிந்தைய முதல் தொடருக்கும், ஆண்டின் முதல் தொடருக்கும் என்று சுருக்கியது.

ஜனவரி 7, காலை 7:30

"கையெழுத்து மட்டும்தான் அவருடையது என்று எந்த நீதிமன்றம் சொன்னது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அருணாசலப் பிரதேசக் கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை.

2015 இறுதி. நபம் துகி முதலமைச்சர். ஆளும் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி 2016 ஜனவரி 14 அன்று பேரவை கூடும் என்று ஏற்கெனவே அறிவிப்பு வந்துவிட்டது. டிசம்பர் 9 அன்று ஆளுநர் ஜே.பி. ராஜ்கோவா, யாருடைய ஆலோசனையும் இல்லாமல், அந்தத் தேதியை டிசம்பர் 16-க்கு முன்னால் இழுக்கிறார். பேரவைத் தலைவர் நபம் ரெபியாவை நீக்கும் தீர்மானத்தை முதலில் எடுக்க வேண்டும் என்று அலுவல் வரிசையையும் அவரே எழுதுகிறார்.

16-ஆம் தேதி பேரவைக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. அதிருப்தி உறுப்பினர்களும் எதிர்க்கட்சியினரும் இட்டாநகரில் ஒரு சமுதாயக் கூடத்தில் கூடினார்கள். துணைத் தலைவர் தலைமையில் பேரவைத் தலைவரை நீக்கினார்கள். மறுநாள் ஒரு ஹோட்டலில் கூடி முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். கல்யாணம் நடக்கிற கூடத்தில் ஒரு மாநிலத்தின் பேரவை! ஜனவரி 26 அன்று, குடியரசு நாளிலேயே, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

2016 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கேஹர் தலைமையிலான ஐவர் அமர்வு அத்தனையையும் செல்லாது என்றது. 2015 டிசம்பர் 15 அன்று இருந்த நிலைமை திரும்பியது. முதலமைச்சருக்குப் பெரும்பான்மை போய்விட்டது என்று நம்பக் காரணம் இருந்தாலொழிய, பேரவையைக் கூட்டுவதில் ஆளுநருக்குச் சொந்த விருப்பம் கிடையாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. அரசியல் சட்ட வரைவின் 153-ஆவது பிரிவில், பேரவையைக் கூட்டுவதும் கலைப்பதும் ஆளுநரின் விருப்புரிமை என்று ஓர் உட்பிரிவு இருந்தது. 1949-இல் அரசியல் நிர்ணய சபையே அதை நீக்கியது. அதுதான் இன்றைய 174. யோசித்து, தெரிந்தே வெட்டி எறிந்த அதிகாரத்தை, அறுபத்தாறு ஆண்டு கழித்து ஒருவர் பொறுக்கி எடுத்துக்கொள்ள முடியாது.

ஜனவரி 7, மதியம் 1:05

அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் ஆளுநர்கள் இழுத்தடித்தார்களா என்று கேட்டால், ஆம். 2020 ஜூலையில் ராஜஸ்தானில் அசோக் கெலாட் அமைச்சரவை கேட்டுக்கொண்டே இருந்தது. இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு எங்கே, கொரோனா இடைவெளிக்கு என்ன ஏற்பாடு என்று ஆளுநர் கோப்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார். காங்கிரஸ் உறுப்பினர்கள் ராஜ்பவன் புல்வெளியில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் ஆகஸ்ட் 14 அன்று பேரவை கூடியது. அதே ஆண்டு டிசம்பரில் கேரளம், வேளாண் சட்டங்களைப் பற்றிப் பேச 23-ஆம் தேதி கூட விரும்பியது. ஆளுநர் மறுத்தார். 31-ஆம் தேதி கூடினார்கள். பஞ்சாபில் 2023 நிதிநிலைத் தொடரைக் கூட்ட ஆளுநர் தயங்கியபோது மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. வழக்கு எடுக்கப்பட்ட பிப்ரவரி 28 அன்று, மார்ச் 3-க்குக் கூட்டியாகிவிட்டது என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள்.

ஆகவே கேள்வி கேட்டவரே, உங்கள் பயம் வெறும் பயம் இல்லை. தடுக்க முடியாது. தாமதப்படுத்த முடியும்.

ஜனவரி 8, காலை 6:20

இரண்டு நாளாக எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு பக்கமாகவே சாய்ந்துவிட்டேன் என்று தோன்றுகிறது. ஆளுநர் தடுத்த கதைகளையே அடுக்கியிருக்கிறேன். அமைச்சரவையே பேரவையைப் பார்க்கப் பயந்தால்?

மேற்கு வங்கம், 1967. ஐக்கிய முன்னணி அரசிலிருந்து பி.சி. கோஷும் வேறு சில உறுப்பினர்களும் விலகிப் போனார்கள். சீக்கிரம் பேரவையைக் கூட்டிப் பெரும்பான்மையைக் காட்டுங்கள் என்றார் ஆளுநர் தர்மவீரா. டிசம்பர் 18-க்கு முன்னால் முடியாது என்றார் முதலமைச்சர் அஜய் முகர்ஜி. நவம்பர் 21 அன்று ஆளுநர் அரசையே நீக்கினார். புது முதலமைச்சர் பி.சி. கோஷ் ஆலோசனைப்படி 29-ஆம் தேதி பேரவை கூடியபோது, பேரவைத் தலைவர் விஜய் பானர்ஜி, இந்த அவை முறைப்படி கூட்டப்பட்டதே அல்ல என்று அறிவித்துத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்துவிட்டார்.

யார் பக்கம் நியாயம்? ஒரு மாதம் பொறுத்திருந்தால் வானம் இடிந்துவிடாது என்பதால் ஆளுநர் செய்தது தவறு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பெரும்பான்மை இருக்கிறதா என்ற சந்தேகம் வந்த பிறகு, அதைச் சோதிக்கும் நாளைச் சந்தேகத்துக்கு உள்ளானவரே குறிக்கலாம் என்பது எனக்கு உறுத்துகிறது. முந்தாநாள் "முடிவு அமைச்சரவையுடையது" என்று அவ்வளவு திருப்தியாக எழுதியிருக்கக் கூடாது.

ஜனவரி 8, இரவு 10:30

"ஒத்திவைப்பதும் முடித்துவைப்பதும் ஒன்றுதானே?" என்று கேட்டவருக்கு: இல்லவே இல்லை. இந்த வேறுபாட்டில்தான் பாதி அரசியல் நடக்கிறது.

தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பது பேரவைத் தலைவர். தொடர் அப்போதும் உயிரோடு இருக்கும். அவரே மறுபடி கூட்டலாம், ராஜ்பவன் பக்கமே போக வேண்டியதில்லை. தொடரை முடித்துவைப்பது ஆளுநர், அமைச்சரவையின் ஆலோசனைப்படி. அதற்குப் பிறகு கூட வேண்டுமானால் 174-இன் கீழ் புதிதாக அழைக்க வேண்டும். மசோதாக்கள் இதனால் காலாவதியாவதில்லை.

நம் ஊர் உதாரணம் 2023 நவம்பர். பத்து மசோதாக்களை ஆளுநர் 13-ஆம் தேதி திருப்பி அனுப்பினார். 18-ஆம் தேதி சனிக்கிழமையே சிறப்புக் கூட்டம் கூடி அத்தனையையும் மறுபடி நிறைவேற்றிவிட்டது. அக்டோபரில் ஒத்திவைத்த தொடர் முடித்துவைக்கப்படாமல் இருந்ததால்தான் பேரவைத் தலைவர் அவ்வளவு வேகமாகக் கூட்ட முடிந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான், நவம்பர் 10 அன்று, பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே வழியைச் சரி என்று சொல்லியிருந்தது. அந்த ஆண்டு ஜூன் 19, 20 தேதிகளில் பஞ்சாப் பேரவை கூடியது செல்லும், அதைக் காரணம் காட்டி மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைக்க முடியாது என்றது.

அன்றைக்கு நான் கை தட்டினேன். இப்போது தெலங்கானாவையும் நினைத்துப் பார்க்கிறேன். 2022 மார்ச்சில் அங்கே நிதிநிலைத் தொடரை, முந்தைய ஆண்டு முடித்துவைக்காமல் விட்ட தொடரின் தொடர்ச்சி என்று சொல்லி நடத்தினார்கள். புதுத் தொடர் இல்லை, ஆகவே ஆளுநர் உரையும் இல்லை. ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் தன் வருத்தத்தை அறிக்கையாகவே வெளியிட்டார். ஆளுநர் உரை என்பது அரசு தன் கொள்கையை அவையில் வைக்கும் நாள். அதன் மீதான விவாதத்தில்தான் எதிர்க்கட்சிக்கு எதைப் பற்றியும் பேச இடம் கிடைக்கிறது. அதுவும் சேர்ந்தே போயிற்று.

ஜனவரி 9, காலை 8:10

கோப்பில் இருக்கும் எழுத்துக்கு எவ்வளவு கனம் என்று காட்ட ஒன்று. 2022 பிப்ரவரியில் மேற்கு வங்க அமைச்சரவையிலிருந்து ராஜ்பவனுக்குப் போன குறிப்பில், மார்ச் 7 "பிற்பகல் 2 மணி" என்பதற்குப் பதில் "அதிகாலை 2 மணி" என்று தட்டச்சாகிவிட்டது. ஆளுநர் ஜகதீப் தன்கர் அதிகாலை 2 மணிக்கே பேரவையைக் கூட்டி அறிவித்தார். அமைச்சரவை திருத்தி அனுப்பிய பிறகே பிற்பகல் ஆனது. நள்ளிரவு தாண்டி அவை கூடும் என்று படித்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலோசனை எப்படி வந்ததோ அப்படியே ஒப்பமிடுவதுதான் தன் கடமை என்று ஓர் ஆளுநர் சொன்னால், அதையே எல்லா ஆளுநர்களிடமும் எல்லாக் கோப்புகளிலும் எதிர்பார்க்கலாம் அல்லவா?

ஜனவரி 11, இரவு 9:40

இன்றோடு பேரவைக் கூட்டம் முடிந்தது. திங்கள்கிழமை தொடங்கி சனிக்கிழமை ஒத்திவைத்தாயிற்று. ஆறு நாள் கூட்டம் என்றால் அவைக்கு வெளியே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். இது பேரவைக் குறிப்பில் இருக்காது.

எங்கள் தொகுதியில் ஒரு குளம். அதன் நடுமடைப் பலகை உளுத்துப்போய், சாக்கில் மண்ணை அடைத்துத் தண்ணீரைத் தடுத்து வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து மனுக் கொடுத்தார்கள். ஒரு பெரியவர், உளுத்த பலகையில் ஒரு துண்டை உடைத்துத் தோள்துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தார். விரலால் அழுத்தினால் ரொட்டி மாதிரி உதிர்ந்தது. உறுப்பினர் அதை மேசை மேல் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தம்பி, இதை வினாவாக எழுது. பதில் வேண்டாம், பட்டியலில் வந்தாலே போதும்."

அவர் சொன்னதன் பொருள் அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்றால், தலைமைச் செயலகத்திலிருந்து மாவட்டத்துக்குத் தொலைபேசி வரும். மாவட்டத்திலிருந்து உட்கோட்டத்துக்கு வரும். மறுநாளே ஒரு ஜீப் குளக்கரையில் வந்து நிற்கும். எத்தனையோ மனு செய்யாததை ஒரு வினா செய்யும்.

அந்த முறை தொடர் சில நாளிலேயே முடிந்தது. எங்கள் வினாவுக்கு முறை வரவில்லை. அடுத்த தொடருக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. ஆறு மாத விதியை அரசு மீறவே இல்லை. நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்தது. ஒரே இரவில் சாக்கு மூட்டைகளை அடித்துக்கொண்டு தண்ணீர் போயிற்று. மடைக்குக் கீழே நட்டுப் பத்து நாள் ஆன பிசானப் பருவ நெல் நாற்று மண்ணுக்குள் போயிற்று. மறுநாள் அந்தப் பெரியவரை வரப்பில் பார்த்தோம். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அடுத்த கூட்டம் எப்போ ஐயா?" என்று மட்டும் கேட்டார். எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் கிடையாது. அமைச்சரவை முடிவு செய்து அரசிதழில் வரும்போதுதான் தெரியும்.

ஜனவரி 12, காலை 10:00

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அவை கூடாதபோது அவசரச் சட்டம் போட்டு அரசு வேலை செய்யத்தானே செய்கிறது?" என்று ஒரு நண்பர் கேட்கிறார். அங்கேதான் சிக்கல். அவை நடக்காத காலத்தில் மட்டுமே 213-ஆவது பிரிவின் கீழ் அவசரச் சட்டம் போட முடியும். அவை கூடியதிலிருந்து ஆறு வாரத்தில் அது செத்துவிடும். பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களைப் போட்டு, திரும்பத் திரும்ப உயிர் கொடுத்து வைத்திருந்தார்கள். டி.சி. வாத்வா என்ற ஆய்வாளர் தொடுத்த வழக்கில், 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை அரசியல் சட்டத்தையே ஏமாற்றும் வேலை என்று கண்டித்தது.

இங்கே நடந்தது வேறு மாதிரி. இணையவழிச் சூதாட்டத் தடை அவசரச் சட்டத்துக்கு 2022 அக்டோபர் 1 அன்று ஆளுநர் ஒப்புதல் தந்தார். அக்டோபர் 17-இல் கூடிய பேரவை, 19-ஆம் தேதி அதையே மசோதாவாக நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் வரவில்லை. ஆறு வாரக் கெடு முடிந்து நவம்பர் இறுதியில் அவசரச் சட்டம் காலாவதியாயிற்று. மார்ச்சில் மசோதா திரும்பி வந்தது. பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பிய பிறகு, ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் கிடைத்தது. அவையைக் கூட்டுவதை ஆறு மாதக் கெடு வரை தள்ளிப்போட்டிருந்தால் அவசரச் சட்டம் இன்னும் சில வாரம் உயிரோடு இருந்திருக்கும்! அவையை மதித்துக் கூட்டியதற்கு அரசு கொடுத்த விலை அது.

ஜனவரி 12, மாலை 4:45

ஆறு மாத விதிக்குப் பல் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. கொரோனா காலத்தில் 2020 மார்ச் 24 அன்று ஒத்திவைக்கப்பட்ட நம் பேரவை, செப்டம்பர் 14 அன்று கலைவாணர் அரங்கத்தில் இடைவெளி விட்டு உட்கார்ந்து மூன்று நாள் கூடியது அந்த விதியால்தான். போன ஆண்டு அரியானாவில் மார்ச் 13-க்குப் பிறகு அவை கூடவே இல்லை. செப்டம்பர் 12 கெடு நெருங்கியபோது, கூட்டுவதற்குப் பதில் அவையையே கலைத்துவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பல் இடைவெளியை மட்டும்தான் கடிக்கும். முதல் மக்களவை தன் காலத்தில் 677 நாள் கூடியது. பதினேழாவது மக்களவை 274 நாள். இரண்டுமே முழுக் காலம் இருந்த அவைகள், இரண்டுமே ஆறு மாத விதியை மீறாதவை.

ஜனவரி 16, காலை 9:00

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இலங்கையிலிருந்து எழுதிய வாசகருக்குத் தாமதமாகப் பதில் சொல்கிறேன். 2018 அக்டோபர் 26 இரவு பிரதமர் ரணிலை நீக்கிய ஜனாதிபதி சிறிசேன, மறுநாளே நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்தார். பெரும்பான்மையை எண்ணும் இடத்தையே சாத்தினார். நவம்பர் 9 அன்று கலைத்தார். உச்ச நீதிமன்றம் 13-ஆம் தேதி இடைக்காலத் தடை விதித்தது, 14-ஆம் தேதி அவை கூடிவிட்டது. அவை கூடுவதைப் பார்த்து அதிகாரம் பயப்படுகிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜனவரி 19, இரவு 8:20

"குறை சொல்கிறீர்கள், வழி என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். வழியை 1949 மே 18 அன்றே அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் கே.டி. ஷா கேட்டுவிட்டார். குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தைக் கூட்டத் தவறினால் அவைத் தலைவரே கூட்டலாம் என்று இருக்கட்டும் என்பது அவர் திருத்தம். அம்பேத்கர் ஏற்கவில்லை. கூட்டங்கள் அடிக்கடியும் நீளமாகவும் நடந்து உறுப்பினர்களே அலுத்துப்போவார்கள் என்பதுதான் தன் பயம் என்கிற பொருளில் பதில் சொன்னார். அம்பேத்கரை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்பது இங்கே எழுதுகிறவர்களுக்குத் தெரியும். இந்த ஓர் இடத்தில் அவர் கணிப்புப் பொய்த்துவிட்டது. ஷாவின் திருத்தம் வேண்டும்.

ஜெர்மனியில் கூட்டத்தை எப்போது முடிப்பது, எப்போது மறுபடி கூடுவது என்பதை அவையே முடிவு செய்கிறது. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கேட்டால் அவைத் தலைவர் கூட்டியே ஆக வேண்டும். பாகிஸ்தானில்கூட நான்கில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தால் பதினான்கு நாளில் கூட்ட வேண்டும் என்று இருக்கிறது. 2022 மார்ச் 8 அன்று அப்படி எழுதிக் கொடுத்தபோது அவைத் தலைவர் 25-ஆம் தேதிக்குத் தள்ளினார். ஆனாலும் கூட்டினார். நம் எதிர்க்கட்சி உறுப்பினர்களின் கையில் அந்த ஒரு தாள்கூட இல்லை. எழுபதுக்கு மேல் உறுப்பினர் உள்ள பேரவைகள் ஆண்டுக்குத் தொண்ணூறு நாளாவது கூட வேண்டும் என்று, அரசியல் சட்டத்தின் செயல்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலய்யா ஆணையம் 2002-இல் சொன்னதும் தாளிலேயே இருக்கிறது. தேதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்தால் போதும், பெரியவரின் கேள்விக்கு என்னைப் போன்ற ஓர் உதவியாளரால் பதில் சொல்ல முடியும்.

முதல் கேள்வி கேட்டவருக்கு ஒன்று. ஆறு மாத விதிப்படி அடுத்த கூட்டத்துக்கு ஜூலை வரை இடம் இருக்கிறது. ஆனால் ஏப்ரல் 1 முதல் செலவு செய்ய அவையின் அனுமதி இல்லாமல் அரசு கஜானாவிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது. ஆகவே மார்ச்சுக்குள் கூட்டியே தீர வேண்டும். ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் வேறு வழியில்லாத ஒரே தொடர் அது. துறைவாரியாகச் செலவுக்கு அனுமதி கேட்கும் மானியக் கோரிக்கைகளும் அதில்தான் வரும். உங்கள் ஊரில் குளமோ பாலமோ பள்ளிக்கூடமோ பழுதாகிக் கிடந்தால், மனுவை இந்த மாதமே உங்கள் உறுப்பினரிடம் கொடுங்கள். வினாவாக எழுதி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.